வண்டிக்குள் ஊர் கேட்டவன்

இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்ந்து உட்காருங்கள், மக்களே. குழந்தையை மடியில் வைத்திருப்பவள் சுவரோரம் சாய்ந்துகொள். மழை வருவதற்குள் ஒரு கதை சொல்லி முடித்துவிடுகிறேன். பயமுறுத்துகிற கதைதான். ஆனாலும் பயத்தோடு உங்களை எழுந்துபோக விடமாட்டேன்.

குளச்சலில் டிஜோ, ஜின்சி என்று ஒரு புருஷன் பெண்டாட்டி. இரண்டு பேரும் மஸ்கட்டில் ஒரே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்தவர்கள். ஒருத்தருக்குப் பகல் ஷிப்டு, மற்றவருக்கு ராத்திரி ஷிப்டு. கல்யாணமான பிறகும் சேர்ந்திருந்து ஒரு வேளை சோறு தின்ன நேரமில்லாமல் வருஷங்கள் கழிந்தன. வேலையை விட்டு ஊருக்கு வந்ததும் ஜின்சி ஒரே பிடியாக நின்றாள். வீடு கட்டுவதும் பிள்ளை பெறுவதும் பிறகு இருக்கட்டும், முதலில் ஒரு வருஷம் ஊர் சுற்ற வேண்டும். அது விளையாட்டு ஆசை இல்லை. இப்போது போகாவிட்டால், ஒரே கூரைக்குக் கீழ் குடியிருக்கும் அந்நியர்களாகவே தங்களுக்கு வயசாகிவிடும் என்று அவள் பயந்தாள்.

மார்த்தாண்டத்தில் ஒரு புரோக்கர் மூலம் பழைய வேன் கிடைத்தது. நீளமான வண்டி, பின்பக்கம் சீட்டே கிடையாது. கட்டில் போட எவ்வளவு தோது என்று சந்தோஷப்பட்டார்களே தவிர, சீட்டு ஏன் இல்லை என்று கேட்க இருவருக்கும் தோன்றவில்லை. கட்டில் அடித்தார்கள், அடுப்பு வைத்தார்கள். சாயங்காலமானால் தென்னைக்கடியில் நிற்கும் வண்டிக்குள் பால் விடாத கட்டஞ்சாயாவோடு ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். எங்கே போவது என்பதுதான் பேச்சு. ஒரு ஊர்ப்பெயரைச் சொன்னதும் “பொறவு?” என்று கேள்வி வரும். கோவா. பொறவு? ஹம்பி. பொறவு? ஸ்பிதி. அந்த இமயமலைக் குளிரில் உன் மூக்கு உதிர்ந்துவிடும் என்று டிஜோ கேலி செய்வான். உங்கள் குறட்டையில் மலை இடியாமல் இருந்தால் சரி என்பாள் அவள். மஸ்கட்டில் அவர்கள் இத்தனை சிரித்ததில்லை.

ஒரு மத்தியானம் டிஜோ ஏலத்தில் மீன் எடுக்கப் போயிருந்தான். ஜின்சி தனியாக வண்டிக்குள் இருந்து ஜன்னல் திரைக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தாள். நூலை இழுத்துவிட்டு, “காசி,” என்று தனக்குத்தானே சொன்னாள்.

“பொறவு?”

ஆணா பெண்ணா என்று பிரிக்க முடியாத தணிந்த குரல். கட்டில் பலகைக்குப் பக்கத்திலிருந்து வந்தது. ஊசி துணியில் பாதி போய் நின்றது. வெளியே முற்றத்தில் ஒரு கோழி மட்டும் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது.

டிஜோ வந்ததும் அவள் கேட்டாள். “இத்தன நாளும் பொறவு பொறவுன்னு கேட்டது நீங்கதானே?”

“நானா? நீதானேட்டி கேட்ட. ஊரு பேரு சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சிட்டு.”

அன்று சாயங்காலம் இருவரும் வண்டிக்குள் ஏறவில்லை.

புரோக்கரைப் பிடித்து உலுக்கியதில், அந்த வண்டியின் பழைய டிரைவர் ஆபேலின் வீடு தெரிந்தது. ஆபேல் எதையும் ஒளிக்கவில்லை. கல்ஃபில் செத்தவர்களின் சவப்பெட்டியைத் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டிலிருந்து ஊருக்குக் கொண்டுவந்த வண்டி அது. வழியெல்லாம் ஊர்ப்பெயரைச் சொல்லிக்கொண்டே வருவது அவருடைய வண்டியில் ஒரு வழக்கம். பாறசாலை வந்தாச்சு, களியக்காவிளை வந்தாச்சு என்று. வெளிநாட்டில் கண் மூடியவனுக்கு வழி தெரிய வேண்டாமா? கடைசியாக வாசலில் நிறுத்தி, வீடு வந்தாச்சு என்று சொன்ன பிறகுதான் பெட்டியை இறக்குவார்கள்.

ஒரே ஒருவனுக்கு அது நடக்கவில்லை. மண்டைக்காட்டுப் பக்கத்துக் கடற்கரைக்காரன், ஷிஜின் என்று பெயர். பெட்டி வந்துசேர மாதக்கணக்கில் ஆகிவிட்டதால், வீட்டுக்கு வேண்டாம், நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுவாருங்கள் என்று வண்டி கருங்கல் என்ற ஊரை எட்டியபோது போன் வந்தது.

“அந்தப் பதட்டத்துல அதுக்குப் பொறவு ஊரு பேரு ஒண்ணும் சொல்லாம விட்டுட்டேன், மோளே,” என்றார் ஆபேல். “அவன் இன்னும் கருங்கல்லுலதான் நிக்கான்.”

வண்டியை விற்றுவிடலாம் என்றான் டிஜோ. ஜின்சிக்கு மனம் வரவில்லை. வாங்குகிறவர்களிடமும் அவன் கேட்பானே. மறுநாள் காலையில் கருங்கல்லுக்குப் போய், விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள். அவள் கட்டிலில் உட்கார்ந்து, திங்கள்சந்தை வந்தாச்சு என்றாள். பொறவு? மண்டைக்காடு வந்தாச்சு. பொறவு? வண்டி ஓட்டிக்கொண்டிருந்த டிஜோவின் பின்கழுத்தில் வியர்வை இறங்குவதை அவள் பார்த்தாள்.

ஷிஜினின் அம்மா குளோரி, வீட்டுக்கு முன்னால் மணலில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஜின்சி சொன்னதையெல்லாம் கேட்டவள், கையைக்கூடக் கழுவாமல் வந்து வண்டியில் ஏறினாள். கட்டில் பலகையைத் தடவினாள். வீடு வந்தாச்சு என்று சொல்ல ஜின்சி வாயெடுத்தபோது, குளோரி செதில் ஒட்டிய கையால் அவள் வாயைப் பொத்தினாள். பிறகு தானே மெல்லச் சொன்னாள்.

“வேளாங்கண்ணி.”

“பொறவு?”

அழப்போகிறாள் என்று ஜின்சி நினைத்தாள். ஆனால் அந்த அம்மாவின் முகம் விரிந்தது.

“வழி தெரியாதவன் சத்தம் இல்ல மக்கா இது. சின்னதுல கத சொன்னா இப்பிடித்தான் கேப்பான், ஒறங்கவே மாட்டான். அத்தன வருஷம் வெளிநாட்டுல கெடந்து அவன் பாத்தது படுக்க ஒரு முறியும் ஒரு கம்பெனி பஸ்ஸும்தான். வீடு வந்தாச்சுன்னு கேட்டா எறங்கீருவான். சொல்லாதீங்க. கூட்டிட்டுப் போங்க.”

“அப்பம் நீங்க?”

“எனக்கும் அந்தக் கல்லறத் தோட்டத்துலதானே குழி. அப்பம் அவனப் பாத்துக்கிடுதேன்.”

டிஜோ திரும்பி ஜின்சியைப் பார்த்தான். அவன் கேட்காமலே அவளுக்குப் புரிந்தது. இரண்டு பேருக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய வண்டி. சண்டை போட்டாலும் சமாதானமானாலும் இனி மூன்றாவதாக ஒருவன் கேட்டுக்கொண்டிருப்பான். மஸ்கட்டில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஊருக்கு எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்டபடியே செத்துப்போன ஆண்கள் நினைவுக்கு வந்தார்கள். நாளைக்கு, நாளைக்கு என்று அத்தனை பேரிடமும் பொய் சொன்னவள் அவள்.

“வேளாங்கண்ணிக்கு ஆரல்வாய்மொழி வழியா போவோம்,” என்றாள் டிஜோவிடம். குளோரி இறங்கி, வண்டிக் கதவைத் தானே சாத்தினாள்.

இப்போது எந்த ஊரில் இருக்கிறார்களோ தெரியாது. பகலெல்லாம் ஜின்சி ஊர்ப்பெயர் சொல்கிறாளாம், அவன் கேட்கிறானாம். இருட்டினால் கட்டிலை அவனுக்கு விட்டுவிட்டு, வண்டிக்கு அப்பால் துணிக்கூடாரம் ஒன்று கட்டி இருவரும் அதற்குள் படுக்கிறார்களாம். சின்னக் கூடாரம். ஒருவர் புரண்டால் மற்றவரும் புரண்டுதான் ஆகவேண்டும். காற்று வண்டிப் பக்கமிருந்து அடித்து அந்தக் குரலைக் கொண்டுவரும்போது மட்டும் டிஜோ அவள் காதைத் தன் கையால் மூடிவிடுவானாம்.

எழுந்திருங்கள் மக்களே, தூறல் விழுகிறது. உங்கள் வீட்டிலிருந்து தூரம் போனவர்கள் கண்ணிறையப் பார்த்துச் சுகமாக வந்துசேரட்டும். வீட்டில் இருப்பவர்களுக்குச் சோறும் சிரிப்பும் குறையாமல் இருக்கட்டும். உங்கள் வாசலில் வந்து நிற்பது யாராக இருந்தாலும், உயிரோடிருப்பவராயினும் இல்லாதவராயினும், உங்கள் பிள்ளைகளுக்கு நல்லதையே நினைக்கட்டும்.