அக்கம்பக்கத்தார் இருவர்

அந்தப் படிவத்தைத் தயார் பண்ணியவர் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்திருந்தால் நேரில் போய் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். மற்றக் கேள்விகளையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஒன்பதாவது கேள்வியை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. 'அக்கம்பக்கத்தார் இருவரின் கருத்தும் கையொப்பமும்' என்று கேட்டது அது.

1979-ஆம் வருஷம். நான் அப்போது காரைக்காலில் நன்னடத்தை அலுவலர். சிறையிலிருந்து வருகிறவன் மறுபடி உள்ளே போகாமல் பார்த்துக்கொள்வது என் வேலை என்று ஆர்டரில் இருந்தது. நடைமுறையில் படிவம் நிரப்புவதுதான் வேலை. மூன்று வருஷம் முன்னால் சிறைக்குள் தச்சுப் பயிற்சி ஒன்று தொடங்கியிருந்தார்கள். அதற்காக மேலிடத்தோடு மல்லுக்கு நின்றவர்களில் நானும் ஒருவன். பயிற்சி முடித்து வெளியே போகிறவனுக்கு இழைப்புளி, உளி, ரம்பம் எல்லாம் வைத்து ஒரு பெட்டியும் கொடுத்தனுப்பினோம். அதனால் யாராவது திருந்தினார்களா என்று பார்த்து எழுதும்படி இப்போது உத்தரவு வந்தது. திருப்தியாக இல்லையென்றால் பயிற்சியை இழுத்து மூடிவிடுவார்கள்.

எங்கள் பக்கத்து ஆட்கள் ஏழு பேர். ஒவ்வொருவராகத் தேடிக்கொண்டு போனேன். ஒருத்தன் பெட்டியை விற்றுக் குடித்திருந்தான். இரண்டு பேர் எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டுக்குச் சாராயம் கடத்திக்கொண்டிருந்தார்கள். அங்கே மதுவிலக்கு, இங்கே தெருவுக்குத் தெரு கடை. நடக்கிற தூரத்தில் பிழைப்பு இருக்கும்போது எவன் உட்கார்ந்து மரம் இழைப்பான்? ஒருத்தன் மறுபடி சிறையில் இருந்தான். இரண்டு பேர் போன இடமே தெரியவில்லை. எனக்கு மிஞ்சியவன் கண்ணையன் ஒருத்தன்தான்.

கண்ணையன் கோட்டுச்சேரிமேட்டு மீனவன். வலைத் தகராறு ஒன்றில் துடுப்பை ஓங்கினான். அடிபட்டவன் பிழைக்கவில்லை. ஆறு வருஷம் உள்ளே இருந்துவிட்டு வந்தவனை ஊர்ப் பஞ்சாயத்து சேர்த்துக்கொள்ளவில்லை. செத்தவன் வீடு இவன் வீட்டுக்கு எதிர்வீடு, அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. மனைவி பவுனம்மாளைக் கூட்டிக்கொண்டு கடலை விட்டு விலகி, வயல்காட்டுக்கு நடுவே விழிதியூரில் போய் உட்கார்ந்துவிட்டான். நாகூர்ப் பக்கத்துத் தச்சன் என்று சொல்லிக்கொண்டான். அந்த ஊர்த் தச்சர் டவுனுக்குப் போய்விட்டிருந்த சமயம் அது. ஒருவரும் துருவிக் கேட்கவில்லை.

நான் ஜீப்பில் போகவில்லை. வேட்டி கட்டிக்கொண்டு பஸ்ஸில் போனேன். அவ்வளவு ஜாக்கிரதை எனக்கு. சாலையோரக் கொட்டகையில் ஒரு கதவை இழைத்துக்கொண்டிருந்தவன் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றான். பவுனம்மாள் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போகாமல் அங்கேயே நின்றாள். நல்ல தேக்கு, நல்ல வேலை. எதிர்வீட்டுச் சோமசேகரன் ஐயா வீட்டுக்கென்று சொன்னான். கொட்டகை போட இடம் கொடுத்தவரும் அவர்தானாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. நாமே பெற்று வளர்த்தவன் மாதிரி அவன் முதுகில் தட்டினேன். பிறகு கைப்பையைத் திறந்து படிவத்தை எடுத்தேன்.

எட்டுக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொன்னான். ஒன்பதாவதைப் படித்துக் காட்டியதும் அவன் குரல் இறங்கிவிட்டது.

"என்னைப் பத்தி என்ன வேணும்னாலும் எழுதிக்குங்க ஐயா. இங்க யார்கிட்டயும் மட்டும் கேக்காதீங்க. இவ்வளவு நாள் கெடச்ச சோறு அதோட போயிடும்."

கேட்கமாட்டேன் என்று சொன்னேன். உண்மையாகத்தான் சொன்னேன். பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் புத்தி வேறு பக்கம் போனது. ஒன்பதாவது கேள்வி காலியாக இருந்தால் படிவம் திரும்பிவரும். இவன் ஒருத்தனும் கணக்கில் வராமல் போனால் பயிற்சி போச்சு. உள்ளே இன்னும் இருபது பேர் ரம்பம் பிடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். இதெல்லாம் நான் அன்றைக்குச் சொல்லிக்கொண்ட நியாயம். ஏழு பேரில் ஒருத்தனையாவது திருத்திக் காட்டினேன் என்று என் பெயர் மேலே போகவேண்டும் என்ற ஆசையும் இருந்தது, அதை ஏன் மறைக்கவேண்டும்.

நேரே சோமசேகரன் வீட்டுக்குப் போனேன். எழுபது வயதுப் பெரியவர், மரியாதையாக உட்காரச் சொன்னார். கண்ணையன் பாங்கில் தொழில் கடன் கேட்டிருப்பதாகவும், அதற்காக விசாரிக்க வந்திருப்பதாகவும் அளந்தேன். தலைப்பு வெளியே தெரியாதபடி படிவத்தை மடித்துக் கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் நீட்டினேன். குடிப்பானா, அடிதடிக்குப் போவானா என்று கேட்டேன். வேலை சுத்தம், நடத்தை சுத்தம், குடி கிடையாது என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மடிப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிரெஞ்சுக்காரர் காலத்துப் பள்ளியில் பழகிய சுழித்த எழுத்தில் கையெழுத்துப் போட்டார். அடுத்த கையெழுத்தைப் பலசரக்குக் கடை வைத்தியலிங்கம் போட்டுக்கொடுத்தார். எவ்வளவு சாமர்த்தியமாக முடித்துவிட்டேன் என்று பஸ்ஸில் எனக்குள் சிரித்துக்கொண்டு வந்தேன்.

என் அறிக்கை நன்றாக இருக்கிறதென்று மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. பயிற்சியை நீட்டித்தார்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி பார்த்து எழுதச் சொன்னார்கள்.

போனேன். கொட்டகை இருந்த இடத்தில் நாலு குழிதான் இருந்தது. சோமசேகரன் வீட்டில் கதவு மாட்டியிருந்தது. அவன் இழைத்த தேக்குக் கதவு இல்லை, டவுனில் வாங்கிய வேறு கதவு. பெரியவர் அன்றைக்கும் மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார்.

"நான் கோர்ட்டுல குமாஸ்தாவா இருந்தவன் தம்பி. வெள்ளைக்காரன் இருந்தப்போ சிறையிலேருந்து வந்தவனைப் பத்தி அக்கம்பக்கத்துல ரெண்டு பேர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வரணும். இருபது வருஷம் நானே அதுக்கு ஆள் அனுப்பியிருக்கேன். பேங்க்காரன் கடன் கேக்குறவனோட நெலத்தைப் பத்திக் கேப்பான். குடிப்பானா, அடிப்பானான்னு கேக்கமாட்டான்."

அப்படியானால் அவனைப் பற்றி நீங்கள் சொன்னதெல்லாம் பொய்யா என்று கேட்டேன். எனக்குக் கோபம், யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

"எதுவும் பொய் இல்ல. நல்ல பையன்தான். ஆனா என் வீட்டுல ரெண்டு பொண்ணுங்க இருக்கு."

அவர் யாரையும் துரத்தவில்லை. கதவு வேலையை மட்டும் நிறுத்திக்கொண்டார். ஏன் நிறுத்தினார் என்று வைத்தியலிங்கம் கேட்டார், இவர் சொன்னார். அப்புறம் ஊரில் ஒருவரும் கண்ணையனை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. யாரும் வேலைக்கும் கூப்பிடவில்லை. இரண்டு மாதம் பார்த்துவிட்டுக் கொட்டகையை அவனே பிரித்துவிட்டான்.

நான் கோட்டுச்சேரிமேட்டுக்குப் போனேன். பவுனம்மாள் தன் தாய்வீட்டு வாசலில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். குப்பத்தார் அவளை மட்டும் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் எங்கே என்று கேட்டேன். நாகப்பட்டினத்தில் மூட்டை தூக்குவதாகவும், அங்கேயே எங்கோ படுத்துக்கொள்வதாகவும் கருவாட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். குடிக்கிறானா என்று கேட்டேன். படிவத்தில் அந்தக் கேள்வி இருந்தது. அவள் எழுந்து உள்ளே போய் நாங்கள் கொடுத்த கருவிப் பெட்டியைத் தூக்கிவந்து என் காலடியில் வைத்தாள்.

"எல்லாம் இருக்கு, எண்ணிப் பாத்துக்குங்க. சாமான் கொறையுதுன்னு இன்னொரு தடவ எங்கள தேடிக்கிட்டு வந்துடாதீங்க."

மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தேன். அதற்குள் பக்கத்து வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். இன்னும் ஒரு நிமிஷம் நின்றால் இங்கேயும் அவளுக்கு என்ன ஆகுமோ என்று பயந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். பஸ் நிறுத்தம் வரை கை வலித்தது.

புதிய படிவத்தில் ஒரு கேள்வி கூடுதலாக இருந்தது. கற்ற தொழிலைக் கைவிட்டதற்குக் காரணம். குடி, சோம்பல், தீய சகவாசம் என்று அவர்களே அச்சடித்திருந்தார்கள். கடைசியில் 'பிற' என்று ஒரு கோடு. அந்தக் கோட்டில் 'இந்த அலுவலர் விசாரிக்கப் போனது' என்று எழுதி அனுப்பினேன்.

பத்தாவது நாள் படிவம் திரும்பி வந்தது. பொருத்தமான காரணத்தைக் குறிப்பிட்டு மறுபடி அனுப்பவும் என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. அடுத்த மாதம் என் பதவி உயர்வு விஷயம் மேலிடத்தில் பேச்சுக்கு வர இருந்தது. மேஜைமேல் இரண்டு நாள் போட்டு வைத்திருந்தேன். மூன்றாம் நாள் நான் எழுதியதை அடித்துவிட்டு, சோம்பல் என்பதற்கு நேரே ஒரு டிக் போட்டு, கீழே நீலகண்டன் என்று என் கையெழுத்தைப் போட்டு அனுப்பினேன்.

அந்தத் தடவை படிவம் திரும்பி வரவில்லை.