கதவு எண் பதினெட்டு

பிரிண்டருக்கும் ஒரு முகவரி உண்டு என்பது அந்த நாள்வரை ஹலோவுக்குத் தெரியாது.

ஹலோ என்பது அவள் பெற்றோர் வைத்த பேர் இல்லை. அங்கேயே ஆபரேஷன் முடிந்தோ, வேறு நோயாலோ எழுந்து நடமாட முடியாதவர்கள் உடம்பு தேறும்வரை தங்குகிற சின்ன மருத்துவ இல்லத்தில் அவளுக்கு வேலை. அதன் அலுவலகத்தில் நாள் பூராவும் போன் எடுத்து எடுத்து, வாயில் வந்த முதல் சொல்லே அவளுக்குப் பேராக ஒட்டிக்கொண்டது. டாக்டர்கூட "ஹலோவக் கூப்பிடுங்க" என்றுதான் சொல்வார்.

அவள் அண்ணி என்று கூப்பிடுகிற நாத்தனாரும் அங்கேதான் இருந்தாள், ஆறாம் கட்டிலில். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, தகடு வைத்திருந்தார்கள். "காலத் தரையில ஊனவே கூடாது. தகடு விலகிச்சுன்னா மறுபடியும் ஆபரேஷன். உங்க இதயம் இருக்கிற லட்சணத்துக்கு இன்னொரு மயக்க மருந்த அது தாங்குமான்னு நான் உறுதி சொல்லமாட்டேன்" என்று டாக்டர் தலைமாட்டில் நின்றே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அதனால் நாத்தனாருக்கு எல்லாமே கட்டிலோரத்து மணிப்பொத்தான்தான். அமுக்கினால் நர்ஸ்கள் அறையில் ஒரு பெட்டி கூவும், கட்டில் எண் சிவப்பாகத் தெரியும். நாத்தனார் அதை அமுக்குகிற அழகு இருக்கிறதே! தலையணையைத் திருப்ப ஒரு மணி, ஃபேனைக் குறைக்க ஒரு மணி, குறைத்த ஃபேனை மறுபடி கூட்ட இன்னொரு மணி.

"உங்க நாத்தனாருக்கு விரல் வலிக்காதா ஹலோ?" என்று மூத்த நர்ஸ் கேட்பாள்.

"இத்தன வருஷமா வாயே வலிச்சதில்ல சிஸ்டர், விரலா வலிக்கப் போகுது?" என்பாள் ஹலோ. இருவரும் சிரிப்பார்கள்.

இனி பிரிண்டர் சமாசாரம். ஒவ்வொரு தடவை கரண்ட் போய் வரும்போதும் அது தானாகவே ஒரு புது முகவரியைப் பிடித்துக்கொள்ளும். டாக்டர் மாடியிலிருந்து அனுப்புகிற மருந்துச் சீட்டு பழைய முகவரியைத் தேடிப் போய், ஆளில்லாத வீட்டுக்கு வந்த தபால் மாதிரித் தொலைந்துபோகும். அன்று காலையிலும் அப்படியே ஆனது. டாக்டர் இறங்கி வந்து சத்தம் போட்டார். கம்ப்யூட்டர் பார்க்கிறவருக்கு ஹலோ போன் போட்டாள்.

"நான் வண்டியில போய்க்கிட்டிருக்கேன்மா. நீங்களே போட்டுடலாம், பெரிய வித்தையில்ல" என்றார் அவர். "பிரிண்டர் திரையில நெட்வொர்க்னு இருக்கும், அதுக்குள்ள போங்க. தானாங்கிறத எடுத்துட்டு, கையாலங்கிறத வைங்க. நாலு நம்பர் கேக்கும். முதல் மூணும் எல்லா மெஷினுக்கும் ஒண்ணுதான், தெருப் பேர் மாதிரி. கடைசி நம்பர்தான் வீடு."

"அந்த வீட்டு நம்பர் என்ன சார்?"

"நம்ம இடத்துல ஒரே கணக்குத்தான். மெஷின் எந்த ரூம்ல இருக்கோ அந்தக் கதவு நம்பர். அத வேற யாருக்கும் குடுத்திருக்கமாட்டேன். உங்க கதவுல என்ன போட்டிருக்கு?"

ஹலோ எட்டிப் பார்த்தாள். "பதினெட்டு."

"போடுங்க, முடிஞ்சுது."

அவர் சொன்ன கணக்கில் பிசகில்லை. ஆனால் போன மாதம்தான் அலுவலகமும் நர்ஸ்கள் அறையும் இடம் மாறியிருந்தன. மருந்து அலமாரிக்கு இடம் போதவில்லை என்று நர்ஸ்கள் தாழ்வாரத்தின் கோடிக்குப் போய்விட்டார்கள், துணி துவைக்கிற எந்திரம் ஓயாமல் உறுமுகிற அறைக்கு அடுத்த அறை. அவர்கள் காலிசெய்த பதினெட்டுக்குத்தான் அலுவலகம் வந்திருந்தது. போகும்போது மணிப்பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றி எடுத்துப் போய்ப் புதுச் சுவரில் மாட்டினார்கள். பெட்டிதான் இடம் மாறியது, அதன் முகவரி பழைய பதினெட்டாகவே இருந்தது. இதைக் கம்ப்யூட்டர்காரரிடம் சொல்லவேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? ஆணி அடிக்கிறவர் வந்தார், மாட்டினார், போனார்.

ஹலோ அம்புக்குறிப் பொத்தானை அமுக்கி அமுக்கிப் பதினெட்டைக் கொண்டுவந்து நிறுத்தினாள். பிரிண்டர் ஒரு தடவை கனைத்துவிட்டுச் சோதனைத் தாள் ஒன்றைத் தள்ளியது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தீங்களா, நானே போட்டுட்டேன்!"

அதே அறையில் இருந்த கணக்கர் தலைநிமிர்ந்தார். எதை அச்சடித்தாலும் தாளின் இரண்டு பக்கமும் அடிக்கச் சொல்லி உயிரை வாங்குவதால் அவருக்கு ரெண்டுபக்கம் என்று பேர். "போட்டது சரி. ஒரு பக்கம் வெறுமனே வந்திருக்கே" என்றார்.

மாடியிலிருந்து மருந்துச் சீட்டு ஒழுங்காக வந்தது. ஹலோ அதைக் கிளிப்பில் செருகிவிட்டுத் திரும்புவதற்குள் இன்னொரு தாள் வந்தது. வெள்ளைத் தாள். மேல் மூலையில் 6 என்று மட்டும் இருந்தது.

"இது யார் அடிச்சது?"

"நான் இல்ல" என்றார் ரெண்டுபக்கம். அவர் கண் முன்னாலேயே அடுத்ததும் வந்தது. அதிலும் 6. "ஐயையோ, தாளு தாளாத் தின்னுதே! என்னம்மா செஞ்சு வச்ச?"

மூன்றாவது தாளில் 3 என்று இருந்தது. அதற்கடுத்து மறுபடி 6.

மூன்று. ஆறு. மூன்றாம் கட்டில். ஆறாம் கட்டில். நர்ஸ்கள் அறைக்குப் போகவேண்டிய மணி இங்கே தாளாக வந்து விழுகிறது! ஒரே கதவு எண்ணை இரண்டு வீட்டில் எழுதிவைத்தால் தபால்காரர் என்ன செய்வார்? முதலில் கண்ணில் பட்ட வீட்டில் போட்டுவிட்டுப் போவார்.

உடனே எழுந்து ஓடினாளா? இல்லை, கண்ணுகளா. அங்கேதான் அவள் தவறினாள். ஆறு என்றால் அண்ணிதானே, தலையணையாக இருக்கும், ஃபேனாக இருக்கும் என்று நினைத்து, முதலில் கம்ப்யூட்டர்காரருக்குப் போன் போட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. அவர் எடுக்கவில்லை. மறுபடி போட்டாள்.

6. 6. 6.

தாள்கள் தட்டை நிரப்பி வழிந்து அவள் செருப்பின்மேல் விழுந்தன. எவ்வளவு மணிப் பிரியையானாலும் இப்படி அமுக்கமாட்டாளே! ஹலோ போனைப் போட்டது போட்டபடி ஓடினாள்.

கட்டில்கள் இருந்த அறையின் வாசலில் கால் வைத்தாள்.

ஆறாம் கட்டில் காலியாக இருந்தது. நாத்தனார் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். ஊன்றக் கூடாத காலை ஊன்றி, பக்கத்துக் கட்டில் அம்மாளை இரண்டு கையாலும் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்திருந்தாள். அந்த அம்மாளுக்குப் பக்கவாதம். தண்ணீர் குடிக்கும்போது புரையேறி, இருமக்கூடத் திராணியில்லாமல், முகம் நீலம் பாரித்துக் கிடந்தார்.

"எத்தன தடவடி அமுக்குறது?" என்றாள் நாத்தனார். குரல் காற்றாக வந்தது. "எல்லாரும் செத்தா போயிட்டீங்க?"

ஹலோ பாய்ந்து போய் ஒரு கையால் நாத்தனாரின் இடுப்பையும், மறு கையால் அந்த அம்மாளின் தோளையும் பிடித்தாள். நாத்தனாரை விட்டால் விழுவாள், அந்த அம்மாளை விட்டால் மூச்சடைக்கும். "சிஸ்டர்! சிஸ்டர்!" என்று கத்தினாள். துவைக்கிற எந்திரம் அந்தக் கத்தலை அப்படியே விழுங்கியது. நாத்தனாரைத் தோளால் தாங்கிக்கொண்டு, ஒரு கையை எட்டி மணிப்பொத்தானை அமுக்கினாள். அமுக்கிய பிறகுதான் தலையில் இடி இறங்கியது. அது எங்கே போகும்? இவளே போட்ட பதினெட்டுக்கு. அங்கே இன்னொரு தாள் விழும், அவ்வளவுதான். இருந்தாலும் விரல் கேட்கவில்லை. அமுக்கினாள், அமுக்கினாள், அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

திடீரென்று கோடியில் மணிப்பெட்டி கூவியது.

ரெண்டுபக்கம்தான் காரணம். தாள் வீணாவது பொறுக்காமல் பிரிண்டரின் பிளக்கைப் பிடுங்கியிருக்கிறார் மனிதர். பதினெட்டில் ஒரு வீடு பூட்டிக்கொண்டதும் தபால் மற்ற வீட்டைத் தேடிப் போய்விட்டது. தாளுக்காக இரக்கப்பட்டவர் ஓர் உயிரைக் காப்பாற்றியது அவருக்கே தெரியாது.

மூத்த நர்ஸ் ஓடிவந்தாள், பின்னாலேயே இன்னும் இருவர். அந்த அம்மாளின் தொண்டையில் குழாய் விட்டு உறிஞ்சினார்கள். நீலம் மெல்ல மெல்ல இறங்கியது. நாத்தனாரை அலுங்காமல் தூக்கிப் படுக்கவைத்தார்கள்.

எக்ஸ்ரேயில் தகடு விலகியிருந்தது.

தள்ளுவண்டி ஆபரேஷன் அறைக்குப் போகும்போது ஹலோ கூடவே நடந்தாள். "அண்ணி, மணி வராமப் போனது என்னாலதான். நான்தான் நம்பர் மாத்திப் போட்டேன்" என்றாள். மீதியையும் சொல்லிவிட்டாள். "ஆறுன்னு பாத்தேன். நீங்க வழக்கம்போல சும்மா அமுக்குறீங்கன்னு நெனச்சு நின்னுட்டேன்."

வாய் ஓயாத நாத்தனார் கூரையிலிருந்த விளக்குகளையே பார்த்துக்கொண்டு போனாள். கதவருகில் மட்டும் முகத்தைத் திருப்பினாள்.

"இன்னிக்கு நான் ஒரு தடவகூடச் சும்மா அமுக்கலடி."

கதவு சாத்திக்கொண்டது.

ஹலோ வெளியே சுவரில் சாய்ந்து நின்றாள். கம்ப்யூட்டர்காரர் பதறியடித்து வந்து, பிரிண்டருக்கு வேறு எண் கொடுத்து, ஒவ்வொரு கட்டிலாகப் போய் மணியைச் சோதித்துவிட்டுத் தலைகுனிந்தபடி போனார். டாக்டர் வெளியே வந்து முகமூடியை இறக்கியபோதும், அவர் உதட்டைத்தான் பார்த்தாளே தவிர, சொன்னது காதில் ஏறவில்லை. "இதயம் தாங்கிடுச்சும்மா" என்று அவர் இரண்டாம் தடவை சொல்லவேண்டியிருந்தது.

மறுநாள் நாத்தனார் கண்விழித்தபோது ஹலோ பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். நாத்தனார் அவளைப் பார்த்தாள். கையை மெதுவாக நகர்த்திப் பொத்தானைத் தேடி அமுக்கினாள்.

கோடியில் பெட்டி கூவியது. ஹலோ தூக்கிவாரிப்போட்டு எழுந்துவிட்டாள். மூத்த நர்ஸ் மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றாள்.

"என்னம்மா? என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம்" என்றாள் நாத்தனார். "வர்றீங்களான்னு பாத்தேன்."