சுடலையம்மாளுக்கு மனப்பாடமான வசனம்

1

இந்தக் கதை என் யோசனையில் பிறந்ததில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் சபையில் பெண்கள் ஐக்கியத்தின் செயலாளராக இருக்கும் ஜாஸ்மின் போன் செய்தாள்.

"பெரியம்மா, இந்த மாசத் தலைப்பு ஆரோக்கியமான உபதேசம், அதான் தப்பில்லாத போதனை. போன வருசம் இதே தலைப்புல ஒருத்தரக் கூப்பிட்டுப் பேசச் சொன்னோம். பாதிப் பேரு தூங்கிட்டாக. மீதிப் பேரு தூங்குறவியளப் பாத்துச் சிரிச்சாக. நீங்க ஒரு கதையா எழுதி வாசிச்சிருங்களேன்."

அஞ்சாம் வகுப்போடு நின்றவள் உபதேசத்தைப் பற்றி என்ன எழுதுவது என்று கேட்டேன்.

"படிச்சவிய பேசினதுக்குத்தான் பெரியம்மா தூங்கினாக."

அந்தப் பிள்ளைக்கு நன்றி. கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். அடித்த இடங்களை மறைக்காமல் வாசிக்கிறேன். எங்கே தடுமாறினேன் என்று நீங்களும் பார்த்தால் நல்லதுதான்.

2

[ஸ்ரீவில்லிபுத்தூரில் பரிபூரணம் என்று விசுவாசமுள்ள ஒரு சகோதரி—]

இதை அடித்துவிட்டேன். தனக்கு விசுவாசம் இருக்கிறதா என்பதுதான் கதை முழுக்க அவளுடைய சந்தேகம். முதல் வரியிலேயே நான் சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிட்டால் அவள் எதற்குப் பாடுபட வேண்டும்?

[சத்தியத்தை அறிந்திருப்பது எவ்வளவு அவசியம் என்றால்—]

இதில் எனக்கே கண் செருகிவிட்டது.

மூன்றாவது தொடக்கம் இது, நிற்கட்டும்: பரிபூரணத்துக்கு நாற்பத்திரண்டு வயது. தினமும் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனிக்கு வேலைக்குப் போவாள். வெளுத்து வரும் மெல்லிய துணியை வெட்டி, மடித்து, ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பும் பொட்டலமாகக் கட்டுவது அவள் வேலை. கணவர் சௌந்தரபாண்டியன் சுமை ஆட்டோ ஓட்டுகிறவர். டிசம்பரில் ஒருநாள் குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. மதுரைக்குப் போய் ஊசி போட்டுச் சோதித்தார்கள். புற்றுதான், தாமதிக்காமல் எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் ஜனவரி இருபதாம் தேதியைக் குறித்துக் கொடுத்தார்.

இடையில் புத்தாண்டு வந்தது.

(பெயர்களை மாற்றியிருக்கிறேன். அவள் நம் சபை இல்லை. பக்கத்தில் இருப்பவளைத் திரும்பிப் பார்க்காதீர்கள்.)

3

புத்தாண்டுக் காலை ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டைகளைத் தாம்பாளத்தில் குப்புற வைத்திருப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆளுக்கு ஒன்று எடுக்கிறோம். ஒரு அட்டையில் ஒரு வசனம். வருஷம் முழுவதும் அது நம்முடைய வசனம். சிலர் கண்ணாடிச் சட்டம் போடுகிறார்கள், சிலர் பர்சில் வைத்துக்கொள்கிறார்கள்.*

பரிபூரணம் எடுத்த அட்டையில், தூதர்கள் உன்னைக் கைகளில் ஏந்திக்கொள்வார்கள், உன் கால் கல்லில் இடறாது என்கிற வசனம் வந்தது. அதை வாசித்ததும் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

இனி எட்வின் வர வேண்டும். அவனைத்தான் என்னால் சுலபமாக எழுத முடியவில்லை.

[தங்க வாட்சும் பளபளக்கும் சட்டையுமாக எட்வின்—]

அடித்துவிட்டேன். அவன் அப்படிப்பட்டவன் இல்லை. செல்போன் பழுது பார்க்கிற பையன், முப்பது வயது. கடைக்கு மேல் உள்ள அறையில் சனிக்கிழமை தோறும் ஜெபக்கூட்டம் நடத்துவான்; பரிபூரணமும் அதற்குப் போவாள். பரிபூரணத்துக்காக இருபத்தொரு நாள் மத்தியானச் சாப்பாட்டை விட்டு உபவாசம் இருந்தான். கன்னம் ஒட்டிப்போயிற்று. அவனைக் கெட்டவனாக எழுதியிருந்தால் நமக்கு வசதியாக இருந்திருக்கும். கெட்டவன் சொன்னதை யாரும் நம்ப வேண்டியதில்லையே. தப்பான போதனை அன்பான வாயிலிருந்தும் வரும். அப்போதுதான் அது ஆழமாக இறங்குகிறது.

அவன் அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தான்.

"அக்கா, கல்லுகூட ஒங்க கால்ல படாதுன்னு சொன்னவரு, கத்திய ஒங்க ஒடம்புல பட விடுவாரா? ஆபரேசனுக்குப் போனீங்கன்னா இந்த வாக்குத்தத்தத்தத் திருப்பிக் குடுத்ததா ஆயிரும்."

பரிபூரணம் கத்திக்குப் பயந்தவள். அதனால் அந்தச் சொல் அவளுக்கு இனித்தது. ஜனவரி இருபது வந்தது, போயிற்று.

"ஏட்டி, போக வேண்டாம்னு ஆண்டவரு சொன்னாரா, அந்தப் பய சொன்னானா?" என்று கேட்டார் சௌந்தரபாண்டியன்.

"ரெண்டும் ஒண்ணுதாங்க."

வேத விஷயத்தில் மனைவியை எதிர்த்துப் பேசும் அளவுக்குத் தனக்குத் தெரியாது என்று அவருக்கு எண்ணம்.

பிப்ரவரியில் கட்டி பெரிதாயிற்று. எட்வின் மறுபடியும் ஜெபித்துவிட்டு மெதுவாகச் சொன்னான். "எங்கயோ ஒரு மூலையில சந்தேகம் இருக்குக்கா. அத மட்டும் விட்டுருங்க."

அன்றிலிருந்து பரிபூரணத்துக்கு இரண்டு வியாதி. ஒன்று மார்பில். இன்னொன்று, தன் மனதுக்குள் எங்கே சந்தேகம் ஒளிந்திருக்கிறது என்று பஸ்ஸிலும் துணி மடிக்கிற மேசையிலும் ஓயாமல் தேடுவது. கட்டியைத் தொட்டுப் பார்ப்பதே சந்தேகத்தின் அடையாளம் என்று தோன்றியது. தொடாமல் இருந்தாள். பிறகு பார்க்காமலும் இருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு குளித்தாள்.

உபதேசம் என்றால் படித்தவர்கள் மேடையில் வாதாடுகிற காரியம் என்று நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். அது ஒரு பெண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு குளிக்க வைக்கும் என்று தெரிந்த பிறகுதான் இதை எழுதச் சம்மதித்தேன்.

* என் பீரோவிலும் முப்பது அட்டை இருக்கிறது. அட்டையைக் குறை சொல்ல வரவில்லை. அட்டையில் இடம் கொஞ்சம். மேலும் கீழும் உள்ள வசனங்களுக்கு அங்கே இடமில்லை. அதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

4

[அப்போது உபதேசியார் எழுந்து கணீரென்ற குரலில்—]

முதலில் இப்படித்தான் எழுதினேன். சபைக்கு வாசிக்கிற கதையில் உண்மையை உபதேசியார் சொல்வதுதானே முறை? ஆனால் சுடலையம்மாள் விடவில்லை. சுந்தரபாண்டியம் என்கிற ஊரிலிருந்து வேலைக்கு வருகிறவள், இந்து, பரிபூரணத்துக்குப் பக்கத்து மேசை. மார்ச் முதல் வாரம், மத்தியானச் சாப்பாட்டு நேரம், இருவரும் கம்பெனியின் சைக்கிள் ஷெட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏட்டி பூரணம், இடது கையத் தூக்கவே மாட்டேங்கியே. என்ன சங்கதி?"

பரிபூரணம் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை சுடலையம்மாள் குறுக்கே பேசவில்லை. அதுவே அபூர்வம்.

"ஊருக்கெல்லாம் கட்டுத்துணி மடிச்சு அனுப்புத. ஒனக்கு மட்டும் அது ஆகாதாக்கும்."

"அப்படியில்லக்கா. எனக்கு ஒரு வசனம் கிடைச்சிருக்கு." பையிலிருந்து அட்டையை எடுத்து வாசித்தாள்.

சுடலையம்மாள் கையிலிருந்த சோற்றை டப்பாவில் திரும்ப வைத்தாள். "இன்னொரு தரம் வாசி."

வாசித்தாள். பாதியிலேயே சுடலையம்மாள் மீதியைப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ராகம் போட்டுச் சொல்லி முடித்தாள்.

"ஒங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"தெரியாம என்ன? இது என் வசனம்லா. அஞ்சாப்பு படிக்கையில மிஷன் பள்ளிக்கூடத்துல நாடகம் போட்டாக. கிறிஸ்தவப் பிள்ளைக ஒருத்தியும் சாத்தான் வேசம் கட்ட மாட்டேன்னுட்டாளுக. டீச்சர் என்னைய நிப்பாட்டிட்டாக. கருப்புத் தாவணி, வாலுக்கு ஒரு கயிறு."

"சாத்தானா?"

"ஆமா. பெத்தம்மாள்னு ஒருத்திதான் ஏசுசாமி. அவளக் கூட்டிட்டுப் போயி மேசை மேல ஏத்திவிட்டு, இதுதான் கோயில் உச்சி, நீ கடவுள் பிள்ளைன்னா குதி, தூதருக தாங்கிக்கிடுவாக, காலு கல்லுல இடிக்காதுன்னு எழுதியிருக்குல்லான்னு நான் சொல்லணும். எம்புட்டு நாளு மனப்பாடம் பண்ணேன் தெரியுமா."

பரிபூரணம் கையிலிருந்த அட்டையைத் திரும்பப் பார்த்தாள். இந்தச் சம்பவம் அவளுக்குத் தெரியாததில்லை. ஞாயிறு பள்ளியில் படித்ததுதான். அட்டையில் இருந்த வரியோடு அதைச் சேர்த்துப் பார்க்க மட்டும் அவளுக்குத் தோன்றவே இல்லை.

"குதிச்சாளாக்கா?"

"எங்க குதிச்சா? ஆண்டவரச் சோதிச்சுப் பாக்கக் கூடாது, போன்னுட்டா. பொறவு பெஞ்சுல கால வச்சு மெதுவா இறங்கிட்டா. பாவாட தடுக்கும்லா." சுடலையம்மாள் டப்பாவை மூடினாள். "நான் சொல்லுதேன்னு கோவிச்சுக்கிடாத பூரணம். அந்த வசனத்த வச்சுக் குதின்னு சொல்லுதது என் வேசம். அவரு வேசம் இல்ல."

 (சாத்தானுடைய வசனமோ என்று யாரும் அட்டையைக் கிழித்துவிடாதீர்கள். வசனம் ஆண்டவருடையதுதான். அவன் அதை எடுத்துத் தப்பான இடத்தில் பேசினான்.)

5

அன்று சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பரிபூரணம் நேராகத் தன் சபைக் கோயிலுக்குப் போனாள். உபதேசியார் ஆல்வின் ஏணி மேல் நின்று டியூப் லைட் மாற்றிக்கொண்டிருந்தார். (ஏணி நான் போட்டது. உண்மையில் அவர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். ஒருவர் படிப்படியாக இறங்கி வருவதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது.) ஆல்வின் ஐயா பிரசங்கத்தில் பேர் வாங்கியவர் இல்லை. அவர் பேசும்போது தூங்காதவர் அவர் ஒருவர்தான்.

"ஐயா, என் அட்டையில இருக்கது சாத்தான் சொன்ன வசனமா?"

"அவனும் சொன்னான். சொல்லும்போது நடுவுல ஒரு துண்ட விட்டுட்டான்." ஏணியை விட்டு இறங்கி, வேதத்தைத் திறந்து, அட்டையில் வராத மேல்வரியை விரலால் காட்டினார். "உன் வழிகளிலெல்லாம் காப்பாருன்னு இருக்கு, பாத்தியா? வழியில நடந்து போறவளுக்குத்தான் இந்தக் காவல். உச்சியில இருந்து விழுறது வழியில்ல. மதுரைக்குப் போற ரோடு வழிதான்."

"அப்ப ஆபரேசன் பண்ணா பிழைச்சுருவேனா?"

இந்த இடத்தில் என் பேனா நின்றுவிட்டது. [பிழைத்துக்கொள்வாய் மகளே என்று அவர்—] இப்படி எழுதினால் உங்களுக்கும் இதமாக இருக்கும், எனக்கும்தான். அவர் சொல்லவில்லை.

"தெரியாது பூரணம். அத யாரும் எனக்கு எழுதித் தரல."

"என் விசுவாசம் கொறைச்சலா ஐயா? நிசத்தச் சொல்லுங்க."

"கொறைச்சலாத்தான் இருக்கும். எனக்கும் அப்படித்தான். அத அளந்து பாத்துட்டு ஆண்டவரு நம்மளக் கையில எடுக்கல. நீ எம்புட்டு இறுக்கிப் பிடிச்சிருக்கன்னு பாத்துக்கிட்டே இருந்தா பயந்தான் வரும். அவரு ஒன்னயப் பிடிச்சிருக்காரு, அதப் பாரு. பிழைச்சாலும் அந்தக் கையிலதான், போனாலும் அந்தக் கையிலதான். நீ சின்னப் பிள்ளையா இருக்கையில, சபையில சேக்கதுக்கு முந்தி, திடப்படுத்தல் வகுப்புல சொல்லித் தந்தேனே."

"அப்ப நான் தூங்கிட்டேன் ஐயா."

"எல்லாரும்தான்."

அவள் சிரித்தாள். ரெண்டு மாதத்தில் முதல் சிரிப்பு.

தூக்கம் வரவழைக்கிற உபதேசியார்களுக்காக நான் ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன். வருஷக்கணக்காக அதே பாடத்தை, கேட்க ஆளில்லாதபோதும், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்திக்குத் தேவைப்படுகிற நாளில் அது கெடாமல் இருக்கிறது.

மறுநாள் காலையில் பரிபூரணம் கண்ணைத் திறந்துகொண்டு குளித்தாள். வெளியே வந்து, "மதுரையில போயி மறுபடி தேதி கேக்கணும்" என்றாள். சௌந்தரபாண்டியன் ஆட்டோவை ஸ்டார்ட் செய்துவிட்டுத்தான் சட்டையைத் தேடினார்.

6

எட்வினை என்ன செய்வது?

[அவன் வெட்கப்பட்டு ஊரைவிட்டே—] வேண்டாம். [அவளைச் சபித்துவிட்டு—] அவன் அப்படிச் செய்கிறவன் இல்லை.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் மதுரை ஆஸ்பத்திரிக்கு வந்தான். கட்டிலின் கால்மாட்டில் நின்றான். அவள் மார்பைச் சுற்றி, அவளே மடித்திருக்கக்கூடிய வெள்ளைத் துணி.

"நான் ஜெபத்த நிறுத்தலக்கா" என்றான். குரல் உடைந்திருந்தது.

"நிறுத்தாதீங்க தம்பி. சாப்பிட்டுட்டு ஜெபிங்க."

சௌந்தரபாண்டியன் அவனைக் கேன்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவன் நாலு இட்லி சாப்பிட்டான் என்று பிறகு வந்து சொன்னார். எட்வின் மனம் மாறினானா என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. இட்லி சாப்பிட்டான்.

7

எடுத்த கட்டியைச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பது இரண்டு வாரத்தில் தெரியும். அவள் வீட்டுக்கு வந்து ஏழாம் நாள் ஆயிற்று; இன்னும் ரிசல்ட் வரவில்லை. அன்று அவர்கள் சபையில் பெண்கள் கூட்டம். சாட்சி சொல்லும் நேரத்தில் பரிபூரணம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கூட்டத்தை நடத்திய பொன்மணி பதறிப்போய்ப் பக்கத்தில் வந்து, "ரிசல்ட் வந்த பொறவு சொல்லலாமே பூரணம்" என்று காதில் சொன்னாள்.

"வந்த பொறவு சொன்னா, ரிசல்ட்டுக்கு நன்றி சொன்னதா ஆயிரும் மதினி. நான் அவருக்குச் சொல்லணும்."

பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, "பயமாத்தான் இருக்கு. ஆனா நான் யாரு கையில இருக்கேன்னு இப்பத் தெரியும். ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

யாரும் கைதட்டவில்லை. எதற்குத் தட்டுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

8

ரிசல்ட் எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.

நல்லபடியாக வந்தது என்று எழுதினால், சரியான உபதேசத்தைப் பிடித்ததற்குக் கிடைத்த பரிசு என்று நினைத்துக்கொள்வீர்கள். எட்வின் சொன்னதையே நான் வேறு சட்டை போட்டுச் சொன்னதாகிவிடும். மோசமாக வந்தது என்று எழுதினால், ஜனவரியிலேயே போயிருக்கலாமே என்று அவளைக் குற்றம் சொல்ல உங்களுக்கு இடம் கொடுத்ததாகிவிடும். இரண்டு முடிவையும் தனித்தனித் தாளில் எழுதிப் பார்த்தேன். எதை வாசித்தாலும் ஒரு முகம் என் கண்முன் வந்தது.

அது பரிபூரணம் இல்லை, உங்களில் ஒருத்தி. இந்த மாதம்தான் ஏதோ ஒரு ரிசல்ட் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை. எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. ஜாஸ்மின் கேட்டது தலைப்புக்கு ஒரு கதை. நான் எழுதியது அவளுக்கு.

ஆகையால் முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், என் கண்ணுகளா. உங்கள் இஷ்டம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். எழுதி முடித்ததும், அப்படி ஒரு ரிசல்ட்டோடு உட்கார்ந்திருக்கிறவளுக்கு அதை வாசித்துக் காட்டுங்கள். கேட்டு அவள் தலை குனிந்தால், அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.