இரும்புக்கு மசியாத புல்

கல்லுமலைத் தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவின் புல்லைப் போன வருஷம் ஆனி மாதத்திலிருந்து எந்த இரும்பும் வெட்டுவதில்லை. ஒரே வாரத்தில் நோர்வூட் கடைத்தெருவில் லீக்ஸ் விலை இறங்கியது, பொகவந்தலாவை பஸ் ஒன்று சேற்றில் இறங்கி நின்றது, இந்தப் புல்லும் இப்படி ஆனது. நம்பாதவர்கள் கத்தியோடு வந்து பார்க்கலாம். வந்தவர்கள் எல்லாரும் மொட்டைக் கத்தியோடுதான் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

அதற்கு முன்னால் அந்தப் புல்லுக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. பங்களாத் தோட்டக்காரன் பழனியாண்டி, மழை விட்டு நுனி காய்ந்த பிறகுதான் அரிவாளை எடுப்பான். ஒரே மூச்சில் வழிக்க மாட்டான். இந்த வாரம் சரிவின் மேல் பாதி, அடுத்த வாரம் கீழ்ப் பாதி, அடியில் நாலு விரல் உயரம் எப்போதும் நிற்கும். சொட்டை விழுந்த இடத்தில் வெட்டிய புல்லையே தூவி விடுவான். மிச்சத்தை, தொழிலாளர் குடியிருக்கும் கீழ் லயத்து மீனம்மா தன் மாட்டுக்கு அள்ளிக்கொண்டு போவாள், பதிலுக்கு மக்கிய சாணி ஒரு கூடை மேலே வரும். கொழுந்தெடுக்கப் பெரட்டில் பேர் கொடுக்கப் போகுமுன், விடியும் போதே, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு பங்களா வாய்க்கால் ஓரத்துப் புல்லை அவளே அறுத்துக்கொள்வதும் உண்டு. முந்தின துரைமார் யாரும் இதைக் கேட்டதில்லை. அவர்கள் பாலை வாங்கிக் குடித்தார்கள், புல் பச்சையாக இருந்தது, அவ்வளவுதான்.

புதுத் துரை தை மாதம் வந்தார். பங்களாவை வெள்ளைக்காரர் தங்கும் இடமாக்க வேண்டும், புல்தரை கம்பளம் மாதிரி இருக்க வேண்டும் என்றார். ஹட்டனிலிருந்து புல் வெட்டும் மெஷின் வந்தது. கொட்டும் மழையில், ஈரப் புல்லில், மண் தெரிய மொட்டையடித்தார்கள். மொட்டையடித்த இடத்தில் சேறு வந்தது, சேற்றில் பாசி வந்தது, பாசிக்குப் பின்னால் ஊரில் உள்ள களையெல்லாம் வந்தது. துரைக்குக் கோபம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஷின்காரன் முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு களைக்கு மருந்து அடித்தான். லயத்துக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று பெய்த மழையில் வாடையும் போய்விட்டது. மறுநாள் விடிகிற நேரத்தில் மீனம்மா வழக்கம்போல வாய்க்கால் ஓரத்தில் அறுத்தாள். மாட்டின் பெயர் பொட்டுக்காரி, நெற்றியில் வெள்ளைப் பொட்டு. அன்று பொழுது சாய்வதற்குள் அது வாயில் நுரை தள்ளிச் செத்தது. மீனம்மா அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு பெற்ற பிள்ளை போன மாதிரி அழுதாள்.

மாடு செத்ததைக்கூட அவள் பொறுத்திருப்பாள் என்று லயத்தில் சொல்வார்கள். பொறுக்காதது அடுத்த நாள் நடந்தது. பெரட்டுக்களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்கச் சனம் முழுதும் நிற்கையில், அவள் துரை முன்னால் போய் நியாயம் கேட்டாள். துரை, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கைப் பார்த்துச் சிரித்தார்.

"பங்களாப் புல்லைக் களவெடுத்த மாடு செத்தா நானா பொறுப்பு? களவாணிய முதல்ல வரிசைல போய் நிக்கச் சொல்லு."

முப்பது வருஷம் கொழுந்து பறித்தவள். அடுத்தவர் கூடையிலிருந்து ஓர் இலை எடுத்ததில்லை. அவள் வரிசையில் போய்த்தான் நின்றாள். ஆனால் அன்றிலிருந்து கிழங்கு வெட்டுகையிலும், பீலியில் தண்ணீர் பிடிக்கையிலும், அந்த ஒரு சொல் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. அதே களத்தில், அதே வாயால், அந்தச் சொல்லைத் திரும்ப எடுக்க வைக்காமல் செத்துப்போவதில்லை என்று அவள் முடிவு செய்தாள்.

ஆனியில் கவ்வாத்து தொடங்கியது. தேயிலையைத் தறிக்கப் போகிற ஆட்கள் முதல் நாள் மரத்தடியில் கல் நட்டு, கவ்வாத்துசாமி என்று சொல்லி, கத்திகளை அதன் முன் அடுக்கிச் சூடம் கொளுத்துவார்கள். கத்தி நன்றாக ஏற வேண்டும், கையில் காலில் பட்டுவிடக் கூடாது, இதுதான் வேண்டுதல். ஆட்கள் மலையேறிய பிறகு மீனம்மா வந்தாள். பக்கத்தில் நின்ற பழனியாண்டி கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

"சாமி, எல்லாரும் கத்தி நல்லா ஏறணும்னு கேட்டுட்டுப் போறாங்க. நா கேக்குறது வேற. அந்தாளு பங்களாப் புல்லுல எந்த இரும்பும் ஏறக்கூடாது. புடுங்குனா அவன் கையாலதான் புடுங்கணும்."

அந்த வாரமே மெஷினின் தகடு அப்பளமாக நெளிந்தது. புல் ஜன்னல் மட்டத்துக்கு நின்றது. மருந்து அடித்தார்கள், குடித்துவிட்டு இன்னும் மினுமினுத்தது. ஆடுகளை ஓட்டி வந்தார்கள். அவை புல்லுக்கு முதுகைக் காட்டிப் படுத்து அசைபோட்டன. தபால்காரனுக்கும் பழனியாண்டிக்கும் புல் விலகி வழி விடும், துரை கால் வைத்தால் மூடிக்கொள்ளும். ஆடியில் அது பலகைத் தரையைப் பிளந்து வந்து கட்டில் காலைப் பிடித்தது. வெள்ளைக்காரர்கள் படம் எடுத்துக்கொண்டு வேறு பங்களாவுக்குப் போனார்கள். கொழும்பிலிருந்து வந்த கம்பெனிப் பெரியவர்கள் குடை பிடித்துக்கொண்டு பார்த்துவிட்டு, துரையை உடப்புசல்லாவைக்கு மாற்றினார்கள். அங்கே போய்ப் படுத்தவர் விடிந்து பார்த்தபோது தலையணை வரை புல். அந்தத் தோட்டத்தார் அன்றைக்கே லொறி பிடித்து அவரைத் திருப்பி அனுப்பினார்கள். நல்லா வேணும் என்று கல்லுமலையில் வாய்விட்டே சொன்னார்கள்.

இது மீனம்மாவின் வேண்டுதல் என்று பழனியாண்டி சொல்லித் தெரிந்துகொண்டு, ஐப்பசியில் ஒரு காலை துரை பெரட்டுக்களத்துக்கு வந்தார். சட்டையெல்லாம் பச்சைக் கறை. தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது.

"மீனம்மா களவெடுக்கல. மருந்து அடிச்சத நான் சொல்லல. மாட்டை நான்தான் கொன்னேன்."

மீனம்மா இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டே சொன்னாள். "பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கலைங்க தொரை."

துரை உரக்கச் சொன்னார். மழையும் உரக்கப் பெய்தது. அவள் மறுபடி காதில் கையை வைத்துக் காட்டினாள். கடைசியில் அவர் தொண்டை கிழியக் கத்தினார். எதிர் மலையில் கொழுந்தெடுத்தவர்களுக்கும் அது கேட்டது. கங்காணி தொப்பியைக் கழற்றிவிட்டுக் கீழே பார்த்தார்.

"இனி வெட்டலாமா, மீனம்மா?" என்று துரை கேட்டார்.

"வெட்டுறதுக்கு நா கேக்கலீங்களே. கையாலன்னுதான் சாமிகிட்ட சொன்னேன். புடுங்கி எங்க கொட்டில்ல போடுங்க."

"மாடுதான் செத்துப்போச்சே?"

"அத நா பாத்துக்கிறேன் தொரை."

துரை மழையில் முழங்கால் போட்டுப் பிடுங்கினார். அவர் கைக்கு மட்டும் புல் வந்தது. விரலிடுக்கில் அட்டை ஏறி ரத்தம் குடித்தது. கட்டிய புல்லைத் தூக்க யாரும் கை கொடுக்கவில்லை. தலையில் வைத்துக்கொண்டு கீழ் லயம் வரை அவரே இறங்கினார். வெறும் கொட்டிலில் போட்டார். மறுநாள் காலையில் அங்கே புல் இல்லை, ஈரச் சாணி கிடந்தது. மீனம்மா அதை அள்ளி லீக்ஸ் பாத்திக்குப் போட்டாள்.

இந்த வருஷம் பங்களாப் புல் நாலு விரல் உயரத்தில், சொட்டை இல்லாமல், பாசி இல்லாமல் இருக்கிறது. தங்க வருகிறவர்கள் மெச்சுகிறார்கள். துரை இன்னமும் பிடுங்குகிறார். ஒரு நாள் விட்டால் புல் படியேறி விடும். மீனம்மா காலையில் செம்போடு கொட்டிலுக்குள் போய், நிறைந்த செம்போடு வருகிறாள். பால் கொஞ்சம் பச்சையாக இருக்கும், தேயிலைச் சாயத்தில் ஊற்றினால் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர்களும் வாங்குகிறார்கள்.

துரை புல்லுக்கட்டை இறக்கும்போது அவள் வாசலில் நின்று பார்ப்பாள். சில நாள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவாள். சில நாள் காலால் கட்டை உருட்டிப் பார்த்துவிட்டு, "இன்னிக்குக் கட்டு சிறுசா இருக்குங்க தொரை, அதுக்குப் பத்தாது" என்பாள்.

துரை மறுபடி மேலே ஏறிப்போவார்.