இரண்டு குழாயும் திறந்திருந்தால்

பிளம்பரான அவருக்குத் தெருவில் 'ஸ்பேனர்' என்றுதான் பெயர். எந்த வீட்டுக் குழாய் மக்கர் பண்ணினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அப்பேர்ப்பட்ட மனுஷன் குழாய்க் கணக்கில் போய்ப் பரீட்சையைக் கோட்டை விட்டார் என்றால் யாராவது நம்புவார்களா? ஒரு குழாய் தொட்டியை நாலு மணி நேரத்தில் நிரப்பும், கீழ்க்குழாய் ஆறு மணி நேரத்தில் காலி செய்யும், இரண்டும் திறந்திருந்தால் எப்போது நிறையும் என்று கேட்டிருந்தார்கள். 'முதலில் கீழ்க்குழாயை அடைக்கவும். பிறகு நாலு மணி நேரம்' என்று எழுதிவைத்துவிட்டு வந்தார். திருத்தியவர் முட்டை போட்டார்.

நாளைக் காலையில் மறுபடியும் பரீட்சை. பத்தாம் வகுப்பில் கணக்கு ஒன்றுதான் பாக்கி. தேறினால் நகராட்சி பம்ப் ரூமில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. இந்தத் தடவையும் போனால் அந்த நாற்காலி வேறு ஆளுக்கு.

அவர் மனைவிக்குச் சலவைக் கடையில் இஸ்திரி வேலை. பகலெல்லாம் நின்று வீங்கிய கால்களை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு புத்தகத்தைப் பிரித்தாள். அலுப்பில் எழுத்தே மங்கலாகத் தெரிந்தது.

"ஒரு மணி நேரத்துல எவ்ளோ நிறையும்? சொல்லுங்க."

"கால் தொட்டி."

"கீழ எவ்ளோ போகும்?"

"ஏம்மா, கீழ திறந்து வச்சுட்டு மேல தண்ணி விடுறவன் எவன்? அவன மொதல்ல கூட்டிட்டு வா."

"ஐயோ, கணக்குல அப்படித்தாங்க!"

"அது கணக்கில்ல, கிறுக்கு." ஒற்றைக் காலில் நின்றார்.

அவளுக்குச் சுள்ளென்று வந்தது. புத்தகத்தை மேஜையில் போட்டாள்.

"உங்க முட்டி போச்சு. யார் வீட்டு சிங்க்குக்கு அடியில இனிமே தவழப் போறீங்க? நான் எத்தன நாளைக்கு ரெண்டு ஷிப்ட் பாக்குறது? எனக்கு முடியலங்க. சத்தியமா முடியல."

அவர் அவள் கால்களைப் பார்த்தார்.

"இத்தன நாளா சொல்லவே இல்லையே?"

"சொன்னா மட்டும்?"

அவர் பென்சிலை எடுத்தார். கால் பங்கிலிருந்து ஆறில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும். இரண்டுக்கும் கீழே பொதுவாக எந்த எண் வரும் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பன்னிரண்டு. பன்னிரண்டில் மூன்று, கழித்தல் பன்னிரண்டில் இரண்டு. ஒவ்வொரு படியாக, கழுத்தெல்லாம் வேர்க்க, எழுதி முடித்தார்.

"பன்னெண்டு மணி நேரம். சரியா?"

"சரி."

"அப்ப அடுத்தத படி."

அவரே கேட்டது இதுதான் முதல் தடவை. அவள் புத்தகத்தை எடுத்து இரண்டு வார்த்தை படித்தாள்; அதற்குள் கண்ணில் நீர் முட்டி எழுத்து மறைந்தது. அவர் புத்தகத்தை மெல்ல வாங்கிக்கொண்டு, எழுத்துக் கூட்டித் தானே படிக்க ஆரம்பித்தார்.