இருபத்தேழாம் மேசை

வெம் ஸ்டேஷனைத் தாண்டியதிலிருந்து பெவர்லிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கைப்பையைத் திறந்தாள், மூடினாள். உள்ளே எதைத் தேடினாள் என்று கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது. எதிரே மால்கம் ஜன்னலுக்கு வெளியே ஈரமான வயல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கோட்டைக் கழட்டு பெவ். இன்னும் பத்து நிமிஷம் இருக்கு."

"குளிருது."

"உனக்கு நெத்தியெல்லாம் வேர்த்திருக்கு."

அவள் கோட்டை இன்னும் இறுக்கிக்கொண்டாள். அடுத்த ஊர் ஷ்ரூஸ்பரி. அந்தப் பெயரை அவன் நேற்றிலிருந்து ஒருமுறைகூடச் சொல்லவில்லை. 'நைட்டு தங்கற ஊர்' என்றுதான் சொன்னான்.

மூன்று வருடங்களாக அவர்களுடைய வாரக்கடைசிகள் இப்படித்தான் கழிகின்றன. ஒரு நிறுவனத்துக்கு நாடு முழுவதும் நூற்றுக்கணக்கான பப்கள். மூடிப்போன பேங்க், சினிமாக் கொட்டகை, ஆள் வராத சர்ச் எது விற்பனைக்கு வந்தாலும் வாங்கி பப் ஆக்கிவிடுவார்கள். எல்லா ஊரிலும் ஒரே மெனு, ஒரே சாஸ் பாட்டில். தரையில் விரித்திருக்கும் கம்பளம் மட்டும் ஒவ்வொரு கடைக்கும் தனியாக நெய்தது. ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. அந்தக் கம்பளங்களைப் படம் எடுத்துச் சேர்க்கிறவர்கள் இந்த நாட்டில் ஒரு கூட்டமே இருக்கிறார்கள். ரயில்வே சிக்னல் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு மாதமே மால்கமும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டான். ஸ்டோக்கில் அவர்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒரு பெரிய வரைபடம் தொங்குகிறது. போய்வந்த கடைக்கு ஒரு சிவப்பு ஊசி. முந்நூற்றுப் பன்னிரண்டு ஊசிகள்.

வீட்டுக்கு வருகிறவர்கள் ஊசிகளைப் பார்த்து வியப்பார்கள். பெவர்லியின் கண்ணில் படுவது ஊசி இல்லாத இடம். மேற்குப் பக்கம் போன ஊசிகள் எல்லாம் ஒரு ஊரை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு போயிருந்தன. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு வெறும் காகிதம். தினமும் காலையில் டீ கொதிக்கும்வரை அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பாள். அங்கேதான் மகள் ஹேலி இருக்கிறாள்.

நாலு வருடத்துக்கு முந்தைய கிறிஸ்துமஸ். கணவன் கிரேகைப் பிரிந்துவிட்டேன் என்று மகள் சாப்பாட்டு மேசையில் சொன்னாள். மால்கம் முள்கரண்டியைக் கீழே வைக்காமலே, "நீ எதைத்தான் முழுசா முடிச்சிருக்க? அந்தப் பையன் பாவம்" என்றான். ஹேலி புட்டிங்கைத் தொடாமல் கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதோடு விட்டிருந்தால் ஒருவேளை ஆறியிருக்கும். ஆனால் மால்கமும் கிரேகும் உள்ளூர் பப்பில் நடக்கும் செவ்வாய்க்கிழமை வினாடி வினாவில் ஒரே அணி. அதற்குப் பிறகும் ஒரு வருடம் மால்கம் அந்தப் பையனோடு உட்கார்ந்து தலைநகரங்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தான். அதைத்தான் ஹேலியால் பொறுக்க முடியவில்லை.

போன வாரம் மால்கம் பல் டாக்டரிடம் போயிருந்தபோது ஹேலி போன் செய்தாள். நியூசிலாந்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. பதினெட்டாம் தேதி விமானம்.

"சனிக்கிழமை மூணுலேருந்து நாலு வரைக்கும் வர்றேம்மா. நாலரைக்கு எனக்கு டூட்டி. அவர் வந்தா வரட்டும். அதுக்கு மேல என்னால முடியாது."

"எங்க வரணும்?"

"வேற எங்க? உங்க பப்புதான். வேற எந்தக் கதவையும் அவர் திறக்க மாட்டாரே."

பெவர்லி அன்றே ஷ்ரூஸ்பரியில் அறை போட்டாள். மற்ற ஊர்களில் அறை இல்லை என்று கூசாமல் பொய் சொன்னாள். மால்கம் ஒரு நிமிடம் அவளையே பார்த்தான். "ஊர் பெருசுதான், யார் கண்ணுலயும் படாம இருந்துக்கலாம்" என்று மட்டும் சொன்னான்.

ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிட நடையில் இருந்தது 'உல் ஹால்' பப். ஒரு காலத்தில் பேங்காக இருந்த கட்டடம். மணி இரண்டு ஐம்பது. வாசல் தெரிகிற மாதிரி ஒரு மேசையைப் பெவர்லி பிடித்தாள். மால்கம் போனை எடுத்து, செயலியில் கடையையும் மேசை எண்ணையும் தட்டி ஆர்டர் போட்டான். கவுண்டரில் போய் நிற்க வேண்டியதில்லை. கேட்டது மேசைக்கே வந்துவிடும். பிறகு முழங்காலை ஒருமாதிரி மடக்கி, கம்பளத்தைப் படம் எடுக்கக் குனிந்தான்.

காலிக் கிளாஸ்களை அடுக்கிக்கொண்டு வந்த பெண் நின்றாள். "என்ன கண்ணு, கீழ எதையாவது தொலைச்சிட்டீங்களா?"

"கம்பளம்" என்றான் மால்கம்.

"ஓ, அந்தக் கூட்டமா! போன வாரம் ஒருத்தர் படுத்துக்கிட்டே எடுத்தாரு. எந்திரிக்க ரெண்டு பேர் தூக்க வேண்டியதாப் போச்சு."

"நான் இன்னும் அந்த அளவுக்குப் போகல."

"போயிடுவீங்க, போயிடுவீங்க" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

பெவர்லி சிரிக்க முயன்றாள். கதவு திறந்தபோதெல்லாம் நிமிர்ந்து பார்த்தாள். குடையோடு இரண்டு பெண்கள். ஒரு நாய், அதன் பின்னால் ஒரு கிழவர். மூன்று மணி. மூன்று ஐந்து. சர்க்கரைப் பொட்டலம் ஒன்றைக் கிழித்து மேசையில் கொட்டி விரலால் கோடு போட்டாள், அழித்தாள். மகள் வந்ததும் அவன் எழுந்து போய்விட்டால்? எழுந்து போகாமல் வாயைத் திறந்துவிட்டால்? எது மோசம் என்று அவளுக்கே தெரியவில்லை.

மூன்று எட்டுக்குப் போன் அதிர்ந்தது. ஹேலி ஒரு படம் அனுப்பியிருந்தாள்: ஒரு ஷூ முனை, கொஞ்சம் தரை. கீழே, 'இருபத்தேழாம் மேசை. எங்கே இருக்கீங்க?'

மாடியில் இருக்கிறாளோ! பெவர்லி விருட்டென்று எழுந்து படியேறினாள். இருபத்தேழாம் மேசையில் இரண்டு ஆண்கள் பந்தயக் குதிரைகளைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கீழே வந்து தூண்களுக்குப் பின்னால், தோட்டத்தில், எல்லா இடமும் பார்த்தாள். பிறகுதான் போனை மேசையிலேயே வைத்துவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது.

திரும்பியபோது அது மால்கம் கையில் இருந்தது.

"இது இந்தக் கடை இல்ல" என்றான். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "நீலத்துல அலை அலையாப் போகுது பாரு. இது ஃபெரிமேன். பாலத்துக்கிட்ட இருக்கு. மத்தவங்க எடுத்த படத்துல பாத்திருக்கேன்."

பெவர்லி நின்றபடியே இருந்தாள்.

"இந்த ஊர்ல நமக்கு ரெண்டு கடை இருக்கு பெவ். என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல."

"உன்னைக் கேக்க முடிஞ்சிருந்தா இதெல்லாம் எதுக்கு?"

அவன் போனைக் கீழே வைத்தான், திரை மேலே தெரியும்படி. மகளின் பெயர் அதில் எரிந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அணைந்தது. பெவர்லி உட்கார்ந்தாள். வெட்கமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு கடைகளுக்குக் கூடவே போய்வந்தவள் இப்படி ஒரு தப்பு செய்திருக்கிறாள்!

"பதினெட்டாம் தேதி நியூசிலாந்து போறா. வேலைக்கு" என்றாள்.

"எத்தனை வருஷத்துக்கு?"

"அவளுக்கே தெரியாது."

மால்கம் மெனு அட்டையை எடுத்துப் படிக்க ஆரம்பித்தான். கண்ணை மூடிக்கொண்டே ஒப்பிக்கக் கூடிய அட்டை அது.

"அவளா என்னைப் பாக்கணும்னு சொன்னா, இல்ல நீ கெஞ்சினியா?"

"ஒரு மணி நேரம்னு அவதான் சொன்னா. அதுல இருபது நிமிஷம் போயாச்சு."

"சும்மா அவசரப்படுத்தாதே."

"நான் எங்க அவசரப்படுத்தறேன்? கடிகாரம்தான் ஓடுது."

அவன் அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தான். பக்கத்து மேசையில் யாரோ கேலியாகப் பாட, மற்றவர்கள் மேசையைத் தட்டினார்கள். பெவர்லிக்கு அந்தச் சத்தம் காதுக்குள்ளேயே கேட்பது போலிருந்தது. இத்தனை நாள், ஊர் ஊராகப் போக வேண்டியிருப்பது அவனுக்குத்தான் என்றும், அவன் பொருட்டு, பாவம் என்று, தான் கூடப் போவதாகவும் நினைத்துக்கொண்டிருந்தாள். பொய். சனிக்கிழமை மத்தியானம் வீட்டில் உட்கார்ந்தால், பேசாத பேச்சு எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனிடமிருந்து ஓடியவர்கள் இரண்டு பேரும்தான். பெட்டியைக் கட்டியவள் அவள். டிக்கெட் எடுத்தவளும் அவள்தான். அந்த வெறும் காகிதத்தைச் சுட்டிக்காட்டி 'இங்கே போவோம்' என்று ஒருநாள்கூட அவள் சொன்னதில்லை.

எழுந்து கோட்டின் பட்டன்களைப் போட்டாள். ஒன்று மாறிப் போயிற்று. விட்டுவிட்டாள்.

"நான் போறேன். உனக்காக நிக்கப் போறதில்ல மால். இந்தத் தடவை முடியாது."

அவன் நிமிரவில்லை. போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தான். செயலியின் ஆரஞ்சு நிறத்தை அவள் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொள்வாள்.

"இப்பவும் ஆர்டரா? அடப்பாவி, இப்பவுமா?"

"சும்மா இரு. அந்த நம்பர் என்ன? இருபத்தேழுதானே?"

அவளுக்குப் புரியவில்லை. அவன் போனைத் திருப்பிக் காட்டினான். கடை, ஃபெரிமேன். மேசை, இருபத்தேழு. பிட்டர் பீர், அரை பைண்ட், ஒன்று. இந்தக் கூட்டத்தில் இது வழக்கம்தான். நண்பனுக்குப் பிறந்தநாள் என்றால், அவன் எந்த ஊரில் எந்த மேசையில் இருக்கிறான் என்று தெரிந்தால் போதும். இங்கிருந்தே ஒரு கிளாஸ் அனுப்பிவிடுவார்கள்.

"அவளுக்கு பிட்டர் பிடிக்காது மால். வாய்லயே வெக்க மாட்டா."

"அவளுக்கு இல்ல. எனக்கு." அவன் பொத்தானை அழுத்தினான். "இப்ப கொண்டுபோய் அவ முன்னாடி வெச்சுடுவாங்க. அப்புறம் நான் போகாம இருக்க முடியாது பாரு."

அழுத்திய விரலை அவன் திரையிலிருந்து எடுக்கவில்லை. இவன் பயப்படுகிறான். நாலு வருடமாக இது கோபம் என்று தன்னையும் அவளையும் நம்பவைத்திருக்கிறான்.

வெளியே தூறல். இறக்கமான தெருவில் பெவர்லி முன்னால் போனாள். பாதி வழியில் போன் அதிர்ந்தது. 'யாரோ ஒரு கிளாஸ் வெச்சுட்டுப் போனாங்க. அவரா?' ஈர விரலால் 'ஆமா, வர்றோம்' என்று அடித்தாள். திரும்பிப் பார்த்தால் மால்கம் ஒரு பாத்திரக் கடைக் கண்ணாடி முன்னால் நின்றுவிட்டிருந்தான்.

"கெட்டில் வாங்கப் போறியா?"

"மூச்சு வாங்குது." பிறகு கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டான். "நான் என்ன சொல்லணும்?"

"தெரியாது."

"நீ முதல்ல பேசேன். நீ ஏதாவது சொன்னா நான் பிடிச்சுக்குவேன்."

"மாட்டேன்."

"பெவ்..."

"முப்பத்தஞ்சு வருஷமா நான்தான் முதல்ல பேசிட்டிருக்கேன். நடடா."

மூன்று நாற்பத்தொன்றுக்கு ஃபெரிமேன் கதவைத் தள்ளினார்கள். மால்கம் கம்பளத்தைக் குனிந்து பார்க்கவில்லை. அப்படி அவன் ஒரு கடைக்குள் நுழைந்ததை அவள் பார்த்ததே இல்லை.

ஹேலி ஜன்னலோரம் இருந்தாள். தலைமுடியைக் கழுத்துக்கு மேலே வெட்டியிருந்தாள். ஜாக்கெட்டுக்குள் நர்ஸ் உடை. முன்னால் அந்தக் கிளாஸ். பாதிதான் இருந்தது.

மால்கம் மேசையருகே வந்து நின்றான். வாயைத் திறந்தான். கிளாஸைப் பார்த்தான். பெவர்லி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்கத் துடித்த நாக்கை அடக்கினாள்.

"இது என்னோடது" என்றான் கடைசியில், கிளாஸைக் காட்டி.

"தெரியும். நீங்க வர்ற வழியக் காணோம். குடிச்சுட்டேன்."

"உனக்குத்தான் பிட்டர் பிடிக்காதே."

"இப்பவும் பிடிக்கல. சாக்கடைத் தண்ணி மாதிரி இருக்கு."

"அப்புறம் எதுக்குக் குடிச்ச?"

"சும்மா உக்காந்திருந்தா எந்திரிச்சுப் போயிருப்பேன்."

அவன் நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தான். தொப்பியைக் கழற்றி, வைக்க இடம் தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டான். மகள் அதைப் பார்த்தாள். பெவர்லிக்கு எந்தப் பக்கம் உட்காருவது என்று தெரியவில்லை. அவன் பக்கமா, அவள் பக்கமா? எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் அது ஒரு பதிலாகிவிடும்.

"பாத்ரூம் போயிட்டு வர்றேன்" என்றாள்.

இந்தக் கடைகளில் பாத்ரூம் எப்போதும் மாடியில்தான், எங்கோ ஒரு மூலையில். பாதிப் படி ஏறியதும் ஹேலியின் குரல் கேட்டது. முதலில் மெதுவாக. பிறகு, "ஒரு வருஷம்! ஒரு வருஷம் அவனோட உக்காந்து வினாடி வினா ஆடினீங்க!" என்று கடை முழுக்கக் கேட்கும்படி. பெவர்லி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். மால்கமின் குரல் உயர்ந்தது. ஹேலி குறுக்கே பேசினாள். அவன் அதற்கும் குறுக்கே பேசினான். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி, வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்கும் பழக்கம். அதை அவள் மறந்தே போயிருந்தாள்.

ஓடிப்போய் நடுவில் நிற்கக் கால் பரபரத்தது. போகவில்லை. நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். அது வரவில்லை. கத்தல் நின்றது, மறுபடி ஆரம்பித்தது. அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கீழேயிருந்து ஏறி வந்த ஒரு பெண்மணி அவளைப் பார்த்துத் தயங்கினாள். "வரிசையா, கண்ணு?"

"இல்ல, இல்ல, நீங்க போங்க" என்று முழங்காலை ஒதுக்கி வழிவிட்டாள் பெவர்லி. "எனக்கு இன்னும் நேரமாகும்."