கொழுத்ததை மட்டும் எடுத்தவன்

1

இந்தக் கதை எனக்கு ஜெக்ஷென் வீட்டில் கிடைத்தது. அவன் தன் கருணையைப் பேசி முடிப்பதற்குள் என் தேநீர் ஆறிவிட்டது. ஆறிய தேநீரில் பிறந்த கதை இப்படித்தான் கசக்கும்.

முதல் தொடக்கம்: ‘அத்பாஷி மலைகள் வெண்பனிப் போர்வையை…’

[வேண்டாம். மலைக்குப் போர்வை போர்த்துபவர்களுக்குத்தான் விருது கிடைக்கிறது. இருந்தாலும் வேண்டாம்.]

2

ஜெக்ஷெனின் மனைவி சைராகுலுக்கு நெஞ்சு நோய். நாரின் நகரத்தில் டாக்டர் மாத்திரை தந்து, நன்றாகத் தூங்கவிடச் சொன்னார். தூக்கமெல்லாம் ஒரு மருந்தா என்று ஜெக்ஷெனுக்கு இளக்காரம். சூர் கொழுப்பைப் பாலில் கலந்து கொடுத்தால்தானே ஆண்பிள்ளை!

சூர் என்பது வளையில் குடும்பமாகக் குளிர்காலத்தைத் தூங்கிக் கழிக்கும் குண்டு மலையணில். ஜெக்ஷென் வளையைத் தோண்டினான். உள்ளே எல்லாம் ஒரே குவியலாக, கல்லைப்போல் சில்லிட்டுக் கிடந்தன. கொழுத்ததை எடுத்தான். மற்றவை நடுங்கிக் கண்விழித்தன.

“ஒண்ணே ஒண்ணுதான் எடுத்தேன். மத்ததைப் பச்சப்புள்ள மாதிரி மூடிட்டு வந்தேன். வேற எவன் செய்வான்?”

“எழுப்பிவிட்டுட்டுத் தாலாட்டும் பாடினீங்களா?” என்றாள் சைராகுல், இருமலுக்கு நடுவே.

3

(அடிக்குறிப்பு. அடியில் போட்டால் யாரும் படிப்பதில்லை என்பதால் நடுவில். தூங்கும் சூருக்குச் செலவே கிடையாது. உடம்பு குளிர்ந்து, நெஞ்சு எப்போதாவது துடிக்கும். விழிப்புதான் செலவு. ஒருமுறை உடம்பைச் சூடேற்றி எழுந்தால் பல நாள் கொழுப்பு போய்விடும். தானாகவும் சில தடவை எழும். அதற்குச் சேமிப்பு உண்டு. ஜெக்ஷென் வந்து எழுப்புவதற்கென்று அது எதுவும் சேர்த்து வைப்பதில்லை. குட்டிகளுக்குச் சூடு தருவது பெரியவைதான். அவன் எடுத்த கொழுத்தது அந்த வீட்டின் அடுப்பு.)

4

கொழுப்பைப் பாலில் கலந்து கொடுத்தான். அதன்பிறகு யார் வந்தாலும், குணத்தைக் காட்ட, சைராகுலை எழுப்பினான். நான் போனபோதும்தான். அன்றைக்குப் பக்கத்து வீட்டுத் தமிராவும் வந்திருந்தாள்.

“எழுந்திரு. தமிரா அக்கா வந்திருக்காங்க. மூச்சு எப்படி இறங்குதுன்னு சொல்லு.”

“இப்பதாங்க கண்ணை மூடினேன்.”

“தூங்கித் தூங்கி யாராவது பொழைச்சிருக்காங்களா?”

“சூர் பொழைச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. நீங்க போற வரைக்கும்.”

தமிரா சிரித்தாள். ஜெக்ஷெனும் சிரித்தான், மனைவிக்குத் தெம்பு வந்துவிட்டதென்று.

5

முடிவு அ: வசந்தம். சூர்கள் சீழ்க்கையடிக்க, சைராகுல் வெயிலுக்கு வருகிறாள். (ஞாயிறு மலருக்கு ஏற்றது.)

முடிவு ஆ: வசந்தம். ஜெக்ஷென் தலைமாட்டில் நின்று, முதல்முறையாக மெதுவாக—

[எழுத வரவில்லை.]

இப்போது மார்ச் முடியப்போகிறது. சூர்கள் எழுந்து வெளியே வரவேண்டிய காலம். வளையின் வாய் இன்னும் திறக்கவில்லை. உள்ளறையில் சைராகுல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். முடிவு தெரிந்தே ஆகவேண்டுமென்றால் நீங்களே போய்க் கேளுங்கள். ஜெக்ஷென் வாசலில்தான் நிற்கிறான். சந்தோஷமாக எழுப்பிக் காட்டுவான்.